கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி: புதுக்கோட்டை நடைக்கு எது உகந்தது?

(புதுக்கோட்டையில் நடை ஆர்வலர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரபு நடை முடிந்து டீக்கடையில் உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "சார், கையில வச்சுக்கிற ஜி.பி.எஸ். ஒண்ணு வாங்கணும், எது வாங்கலாம்?" இன்று அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல ஒரு மேடை கிடைத்திருக்கிறது. கடைக்காரர் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குவார். நான் நம் மண்ணிலிருந்து தொடங்குகிறேன். இமயமலைக்குப் போகிறவருக்கான கருவி வேறு, சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் நடக்கிறவருக்கான கருவி வேறு.

நம் மாவட்டத்தில் நடப்பவருக்கு முதல் எதிரி வெயில். சித்திரை மாதம் நார்த்தாமலையின் மேலமலைப் பாறை மீது பதினொரு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். மேலே சூரியன், கீழே பாறை, நடுவில் நாம். அடுத்தது செம்புறாங்கல் தூசி. அதற்கடுத்தது தைலமரக் காடு. வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் ஒரே மாதிரி நிற்கும் மரங்களுக்குள் கால் மணி நேரம் நடந்துவிட்டால் எந்தப் பக்கம் வந்தோம் என்பது மறந்துபோகிறது. ஏறி நின்று அடையாளம் பார்க்க ஒரு குன்றும் பக்கத்தில் இருக்காது. சீமைக்கருவேல் அடைத்த கண்மாய் உள்வாயிலும் இதே கதைதான். நம் ஊரில் வழி தவறுவது பெரும்பாலும் மலையில் நடப்பதில்லை, சமவெளியில்தான்.

சமவெளியில் இடம் குறிப்பது எவ்வளவு சிரமம் என்பதை நம் அண்டை ஊரான தஞ்சாவூர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. காவிரிப் படுகைக்கு வந்தபோது ஏறி நிற்க மலை இல்லை. கோயில் கோபுரங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். அரை டன் கருவியும் ஒரு படை ஆட்களும் செய்த வேலையை இன்று சட்டைப் பையில் கொள்ளும் ஒரு கருவி சில நொடிகளில் செய்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் இன்னும் முடியவில்லை.

அந்தச் சில நொடித் துல்லியமும் எல்லோருக்கும் கிடைத்தது அண்மையில்தான். 2000 மே மாதம் வரை அமெரிக்கா தன் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்கள் கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டலாம். அந்தக் கலப்பு நிறுத்தப்பட்ட மறுநாள், 2000 மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டில் வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களுக்குள்ளேயே தேடி வந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு அங்கே பிறந்தது. ஒருவர் ஒளித்து வைத்து எண்ணைச் சொல்வார், மற்றவர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருவார். அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கருவி.

கைபேசி இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செல்கோபுரம் இல்லாத இடத்திலும் கைபேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். மாதம் ஒருமுறை காலை நேரத்தில் இரண்டு மணி நேரம் நடக்கிறவருக்குத் தனிக்கருவி தேவையே இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பும் தொப்பியும் வாங்கட்டும். ஆனால் நாள் முழுதும் நடக்கிறவர் கைபேசியை நம்பினால் மதியத்தில் சிக்குவார். வெயிலில் சூடேறினால் கைபேசி திரையை மங்கலாக்கிக்கொள்ளும், சில நேரம் தானே அணைந்துவிடும். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகப் பணியாது. கருங்கல்லில் ஒருமுறை விழுந்தால் கண்ணாடி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்துக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டிய பேட்டரியை வழி பார்க்கவே செலவழித்துவிடுவோம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய பிறகு நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. கைபேசிக்கு மின்னூட்ட ஜெனரேட்டரைத் தேடி வரிசையில் நின்றதை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே, நம் ஊர்க் கருவிக்கு நான் பார்க்கும் முதல் தகுதி, சாதாரண டபுள்-ஏ பேட்டரி போட முடியுமா என்பது. அன்னவாசல் பெட்டிக்கடையிலும் கீரனூர் பேருந்து நிலையத்திலும் கிடைக்கும் பேட்டரி. வீட்டில் மறுமின்னூட்ட பேட்டரி இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், பையில் கடைப் பேட்டரி ஒரு ஜோடி கிடக்கட்டும். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையை நம்மில் பலர் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். ஈட்ரெக்ஸ் 22 எக்ஸ், 32 எக்ஸ் இரண்டும் 2019-ல் வந்தவை. இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனக் கணக்கு. 2023-ல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ அதே இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். நிறுவனம் சொல்லும் மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே நமக்குப் போதும். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 67 உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரியோடு 180 மணி நேரம் ஓடும். மிக நல்ல கருவிதான், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், கடைப் பேட்டரி உதவாது.

இரண்டாவது தகுதி திரை. கடையின் குழல்விளக்கில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். கருவியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள், உச்சி வெயிலில் பின்விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சூரிய ஒளியையே வாங்கித் திருப்பித் தெளிவாகக் காட்டும் வகைத் திரைகள் உண்டு. வெயில் ஏற ஏற அவை நன்றாகத் தெரியும். பின்விளக்கு எரிய வேண்டாம் என்பதால் பேட்டரியும் மிச்சம். சின்னத் திரையாக இருந்தாலும் இந்த வகைதான் நமக்கு வேண்டும். கடைக்காரர் வெளியே எடுத்துப்போக அனுமதிக்கவில்லை என்றால் வேறு கடையைப் பாருங்கள்.

மூன்றாவது, பொத்தான். தொடுதிரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையுறை போட்ட பனிநாட்டுக்காரருக்கு அது பிடிக்காமல் போவது போலவே வியர்வையில் நனைந்த நமக்கும் பிடிக்காது. கருவேல முள்ளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு மறு கட்டைவிரலால் இயக்க வேண்டும். பொத்தான்தான் அதற்குத் தோது.

உறுதி பற்றி ஒரு விளக்கம். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். நடுவிலிருக்கும் எக்ஸ், தூசிக்கு அது சோதித்து மதிப்பிடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. ஐபி67 என்றால் தூசிக்கும் சோதித்தது. ஈட்ரெக்ஸ் போன்ற கருவிகள் ஐபிஎக்ஸ்7 தான். பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பை மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அவை நம் செம்மண்ணைத் தாங்கிவிடுகின்றன. நான் கெட்டுப்போகப் பார்த்தவை மழையில் கெட்டவை அல்ல. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டுப்போனவை. ஈட்ரெக்ஸ் வகைக் கருவிகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் வரைதான் உச்சம். பூட்டிய காருக்குள் வைகாசி மதியம் அந்த இடம் அதைத் தொட்டுவிடும்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். காற்றழுத்த உயரமானி நமக்கு வேண்டாம். நம் குன்றுகள் அழகானவை, பழையவை, ஆனால் உயரம் அளந்து ஏற வேண்டியவை அல்ல. மின்திசைகாட்டிக்கு மட்டும் ஒரு மதிப்பு உண்டு. அது இல்லாத கருவி நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதுதான் திசை காட்டும், நின்றவுடன் அம்பு தடுமாறும். முள்காட்டில் அடிக்கு அடி நின்று போகிறவருக்கும், பத்து மீட்டருக்குள் சுற்றிச் சுற்றி ஒன்றைத் தேடுகிறவருக்கும் அது தொல்லை. 22 எக்ஸில் திசைகாட்டி இல்லை, 32 எக்ஸில் உண்டு. ஜிபிஎஸ்மேப் 65-ல் இல்லை, 65 எஸ்ஸில் உண்டு. இந்த இரண்டு ஜோடிகளிலும் உயரமானியும் திசைகாட்டியும் சேர்ந்தேதான் வருகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தனியே வாங்க வழியில்லை.

துல்லியத்துக்கு வருகிறேன். திறந்த வெளியில் எந்தக் கருவியும் சில மீட்டருக்குள் காட்டிவிடும். சிக்கல் பாறைச் சுவருக்குக் கீழேதான். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக்குப் போகும் விளிம்பிலோ, நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரத்துக்கு எதிரிலுள்ள குடைவரைகளின் முன்போ நின்று பாருங்கள். வானத்தின் பாதியைப் பாறை மறைக்கிறது. மீதிச் சமிக்ஞையில் சிலது பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. அது சுற்றி வந்த தூரத்தையும் கருவி நேர்த்தூரமாகக் கணக்கிட்டு, உங்களை இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டிவிடலாம். செயற்கைக்கோள்கள் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளையும் படிக்கும் கருவி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கிறது. 2020-ல் வந்த ஜிபிஎஸ்மேப் 65 வரிசை அந்த வகை. டபுள்-ஏ பேட்டரியும் பொத்தானும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் 16 மணி நேரம்தான் ஓடும்.

நம் நாட்டுக்கென்று இரண்டு வசதிகள் உண்டு. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன், ஜிசாட்-8, 10, 15 செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தத் தகவலை அனுப்புகிறது. விமானங்களுக்காகத்தான் செய்தார்கள், இருந்தாலும் அமெரிக்காவின் வாஸ் முறையும் ககனும் ஒரே தரத்தில் அமைந்தவை. அமைப்புப் பட்டியலில் வாஸ் என்று இருப்பதை இயக்கி வையுங்கள். மற்றது நேவிக், நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டும் அமைப்பு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01, உலகக் கருவிகள் பரவலாகப் படிக்கும் எல்1 அலைவரிசையிலும் பேசுகிறது. வாங்கும் கருவியின் விவரத்தாளில் நேவிக் பெயர் இருந்தால் மகிழ்ச்சி. இல்லை என்பதற்காக நல்ல கருவியை ஒதுக்க வேண்டாம்.

கருவியை எவ்வளவு பார்த்து வாங்கினாலும், அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் பயனில்லை. இரண்டே விஷயங்கள். ஒன்று, எண் வடிவம். சித்தன்னவாசல் சுமார் 10 டிகிரி 27 நிமிட வட அட்சத்தில் இருக்கிறது. பதின்மத்தில் எழுதினால் 10.45. யாரோ 10.27 என்று குறித்துக் கொடுத்ததை டிகிரியாக எடுத்துக்கொண்டால், தெற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழத் திருமயத்தின் அட்சரேகைக்குப் போய்விடுவீர்கள். ஜியோகேச்சிங்கில் டிகிரியும் பதின்ம நிமிடமும் கலந்த வடிவம் புழங்குகிறது. அதில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது, ஆதாரத் தளம், அதாவது எண்கள் எந்தப் பூமி வடிவத்தை வைத்துக் கணக்கிடப்பட்டவை என்பது. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்-84. நம்மில் சிலர் வைத்திருக்கும் பழைய சர்வே ஆப் இந்தியா வரைபடங்கள் எவரெஸ்ட் தளத்தில் வரைந்தவை; அது லாம்டனின் வாரிசான ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணித்த பூமி வடிவம். இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். பழைய வரைபடத்தில் பார்த்த எண்ணை அப்படியே கருவியில் போட்டுக் கல்வட்டத்தைத் தேடினால் கிடைக்காது. கல்வட்டம் காணாமல் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், காரணம் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் வாங்கி வரச் சொல்கிறோம். சமிக்ஞையை வாங்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவிக்குத் தடையில்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். கார்மினில் இன்ரீச் என்று பெயர். மாதிரி எண்ணின் கடைசியில் ஐ என்ற எழுத்து வரும்: 66ஐ, 67ஐ, 86ஐ, மொன்டானா 700ஐ. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இதுபோன்ற கருவியோடு வந்த வெளிநாட்டு ஓட்டப் பந்தய வீராங்கனை ஒருவர் பிடித்து விசாரிக்கப்பட்டார். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மாமாவிடம் 67 கேட்டு அவர் "இது இன்னும் நல்லதாம்" என்று 67ஐ வாங்கி வந்தால், விமான நிலையத்தில் நிற்கப்போவது அவர்.

இனி ஜியோகேச்சிங். விளையாட்டு எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளை நடக்க வைக்கிறது, எண்ணோடும் திசையோடும் பழக்குகிறது. ஆனால் நம் ஊரில் டப்பா ஒளித்து வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கோயிலிலோ பேருந்து நிறுத்தத்திலோ கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் மக்கள் பயப்படுவார்கள், போலீஸ் வரும். அது சரியும்தான். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் கல்லை நகர்த்துவதோ மண்ணைக் கிளறுவதோ கூடவே கூடாது. அய்யனார் கோயில் காட்டுக்குள் வைப்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கைக்குள் கையை விடுவது. இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. 2004 முதல் எர்த்கேச் என்ற வகை உண்டு. டப்பா கிடையாது. ஓர் இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையும் மண்ணையும் உற்றுப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுத வேண்டும். செம்புறாங்கல் வெட்டிய பள்ளங்களும், தோல் உரிவதுபோல ஏடு ஏடாகக் கழன்று நிற்கும் நார்த்தாமலைக் கருங்கல்லும் இதற்கென்றே அமைந்தவை. நம் ஆசிரியர்கள் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

தேடிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருவியின் அம்பு நேர்க்கோட்டில் காட்டும். அந்தக் கோட்டில் நீர் நிறைந்த கல்குவாரிப் பள்ளம் இருப்பது அதற்குத் தெரியாது. நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு 2021 டிசம்பர் 30 அன்று வீட்டிலிருந்த ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். எந்த வரைபடமும் அந்த ஆபத்தைக் காட்டியிருக்காது. ஊருக்குள் நுழைந்ததும் ஆடு மேய்க்கிற பெரியவரிடமோ அம்மாவிடமோ "இந்தப் பக்கம் போகலாமா" என்று கேட்டுவிட்டு நடங்கள்.

யாருக்கு எது என்று கேட்பீர்கள். நடந்து வழி மாறாமல் திரும்ப வந்தால் போதும் என்பவருக்கு ஈட்ரெக்ஸ் எஸ்இ. வண்ண வரைபடம் அதில் இல்லை, வந்த தடத்தையும் குறித்த புள்ளிகளையும் காட்டும், அது போதும். வரைபடம் வேண்டும் என்பவருக்கு 32 எக்ஸ், நல்ல நிலையில் பழையது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்த இலவச வரைபடங்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம். குடைவரை, கல்வெட்டு, ஈமச்சின்னம் என்று இடங்களைப் பதிவு செய்கிறவருக்கு 65 எஸ். ஒரு குழுவுக்கு ஒன்று இருந்தாலே போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

இந்தக் கடைசி வகையினரிடம்தான் எனக்கு அதிக எதிர்பார்ப்பு. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைப் படித்து 1929-ல் அச்சிட்டது. எத்தனை பெரிய சமஸ்தானங்களுக்கு அந்த அக்கறை இருந்தது? அந்தத் தலைமுறை இடத்தைச் சொற்களால்தான் சொல்ல முடிந்தது: இந்தக் கண்மாய்க்கு மேற்கே, அந்தப் பாறையின் தெற்கு முகத்தில் என்று. கண்மாய் தூர்ந்துவிட்டால், பாறையைக் குவாரிக்கு உடைத்துவிட்டால், அந்தச் சொல் யாருக்கு வழிகாட்டும்? பொற்பனைக்கோட்டையின் கோட்டைச் சுவர் அகழாய்வுக்கு முன்பு எத்தனை காலம் வெறும் மண்மேடாகக் கருதப்பட்டுக் கிடந்தது! மாநிலத் தொல்லியல் துறை அங்கே 2023-ல் குழி தோண்டியது. அப்படி இன்னும் யாரும் தொடாத மேடுகளும் கல்வட்டங்களும் நம் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன.

அவற்றைக் கண்டால் கருவியைக் கல்லின் மீது வைத்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, சராசரி எடுக்கும் வசதியில் புள்ளியைக் குறியுங்கள். தேதி, நிலத்தின் இப்போதைய நிலை, நான்கு திசையிலும் படம். தோண்டாதீர்கள், ஓட்டுச்சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். புதைந்து கிடந்த விலைமதிப்புள்ள பொருள் எதுவும் கையில் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில்லாத ஈமக்காட்டின் எண்ணை முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடவே போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் அதே எண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் புள்ளியைத் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் நம் அரசு அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தாகக் கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். இந்த மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் சொந்த ஊர்க் கண்மாயைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒரு புள்ளியாவது அப்படிக் குறித்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.